பெஞ்சு, கிளாஸ், கண்ணாடிக் கதவு

நம் பக்கத்து டீக்கடைகளுக்குப் பொறியாளர் வரைபடம் தேவைப்படவில்லை. யார் உட்கார வேண்டும், யார் நிற்க வேண்டும், யார் தரையில் குந்த வேண்டும் என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. அதற்கேற்பக் கூரை போட்டார்கள், பெஞ்சு போட்டார்கள், கிளாஸ் வைத்தார்கள்.

மேலூர்ப் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமம் எங்களுடையது. 1980களில் எங்கள் ஊர் விலக்கில் ஒரு டீக்கடை இருந்தது. தென்னங்கீற்றுக் கூரை, மண் சுவர், உள்ளே பாய்லர், இரண்டு பெஞ்சு. பெஞ்சு ஊர்க்காரர்களுக்கு. எங்களுக்குக் கடைக்கு வெளியே புளியமரத்தடி. தாத்தா காலத்தில் சிரட்டையில் ஊற்றியிருக்கிறார்கள். அப்பா காலத்தில் அது கிளாஸாக முன்னேறியது. ஆனால் அந்தக் கிளாஸ் கடைக்குள் இருக்காது. கூரைக் கீற்றில் வெளிப்பக்கமாகச் செருகியிருக்கும். அப்பாவே எடுத்து, கழுவி, நீட்டுவார். கை படாமல் உயரத்திலிருந்து டீ விழும். குடித்துவிட்டு மறுபடியும் கழுவி அதே இடத்தில் செருக வேண்டும். காசைக் கையில் வாங்க மாட்டார்கள், பலகையில் வைக்க வேண்டும். டீக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே விலை.

பிறகு அந்தக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஆனது, மண் சுவர் செங்கல் ஆனது. சாலையை நான்கு வழியாக்கியபோது கடையே போய்விட்டது. கொஞ்சம் தள்ளி கான்கிரீட்டில் புதிய கடை வந்தது. டைல்ஸ், டியூப் லைட், பிளக்ஸ் போர்டு எல்லாம் உண்டு. கீற்று இல்லாததால் செருகி வைத்த கிளாஸும் இல்லை. அதன் இடத்துக்குப் பேப்பர் கப் வந்தது.

இந்தக் கப் விஷயத்தை இளைய தோழர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் கப் என்றால் அது சுகாதாரம். பெஞ்சில் இருப்பவருக்குக் கண்ணாடி கிளாஸ், வாசலில் நிற்பவருக்குக் கப் என்றால் அது இரட்டைக் குவளைதான். தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியும், மதுரையிலிருந்து இயங்கும் எவிடென்ஸ் அமைப்பும் களத்தில் இறங்கி இரட்டைக் குவளையைப் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் கப்பைப் பிடிப்பது கடினம். இதே மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவர் இருந்தது. அதைப் படம் எடுக்கலாம், அளக்கலாம், ஊருக்குக் காட்டலாம். 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை இடிக்கவும் முடிந்தது. கப்பை இடிக்க முடியாது. குடித்ததும் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறோம். சாட்சியும் அதோடு போய்விடுகிறது.

இப்போது உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுற்றுச்சாலையில் போய்ப் பாருங்கள். கீற்றும் இல்லை, மண் சுவரும் இல்லை. முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி, வெளியே கார் நிறுத்த இடம். மதுரைக்குள்ளேயும் பீட்சா, வறுத்த கோழி விற்கும் சங்கிலிக் கடைகள் வந்து வருடங்கள் ஆகின்றன. எந்த ஊருக்குப் போனாலும் அதே நிறம், அதே மேசை, அதே மெனு.

என் அக்கா மகள் மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். தோழிகளோடு இப்படிப்பட்ட ஒரு கடைக்கு மாதம் ஒரு முறையாவது போய்விடுவாள். "அந்தக் காசுக்கு வீட்டுல ஒரு கிலோ கோழி எடுக்கலாமே" என்றேன். "எடுக்கலாம் மாமா. ஆனா அங்க எந்த ஊரு, ஊருக்குள்ளயா காலனியான்னு யாரும் கேக்க மாட்டாங்க. காசு, பில்லு, நம்பரு. அவ்வளவுதான்" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? பன்னாட்டு நிறுவனம், குப்பை உணவு என்று நம் இடதுசாரி நண்பர்கள் பேசுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூர்விகமான, மண்ணின் மணமுள்ள அந்தக் கீற்றுக்கொட்டகைதான் என் அப்பாவை மரத்தடியில் குந்த வைத்தது. எங்கள் ஊர் விலக்கில் தன் கிளாஸைத் தானே கழுவுவது எங்களுக்கு மட்டும் விதித்த தண்டனை. இந்தக் கடையில் தன் தட்டைத் தானே எடுத்துப் போடுவது எல்லோருக்கும் ஒரே விதி. இந்த வித்தியாசத்தின் அருமை மரத்தடியில் குந்தியவர்களுக்குத் தெரியும்.

அதற்காக, சங்கிலிக் கடை வந்தாலே சமத்துவம் வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 1953இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் மெக்டொனால்ட்ஸ் தன் மஞ்சள் வளைவுக் கட்டடத்தை முதன்முதலில் எழுப்பியது. அந்த நாட்டின் தென்மாநிலங்களில் அப்போது நிறவெறி சட்டமாகவே இருந்தது. அங்கேயும் சங்கிலிக் கடைகள் இருந்தன. வடக்குக் கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இருந்த வுல்வொர்த் அப்படி ஒரு கடை. கறுப்பின மக்கள் அங்கே பொருள் வாங்கலாம், காசு கொடுக்கலாம். உணவு மேசையில் உட்கார முடியாது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள், எழ மறுத்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் அந்த மேசை திறந்தது. கடைக்காரரின் வியாபார புத்தி தானாகத் திறந்த கதவல்ல அது. உங்கள் வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திறந்தது.

இங்கேயும் அப்படித்தான். 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு, 'பிராமணாள்' என்ற சொல்லைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகுதான் அந்தச் சொல் இறங்கியது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைய யாரையும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு சொல்கிறது. அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்று வரைந்த அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் என் அக்கா மகள் கண்ணாடிக் கதவைத் தள்ளுகிறாள்.

கதவு திறந்துவிட்டது, சரி. உள்ளே என்ன இருக்கிறது? உலகமெங்கும் மாட்டிறைச்சி பர்கர் விற்றுப் பெருத்த மெக்டொனால்ட்ஸ், 1996இல் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியை விட்டுவிட்டு வந்தது. சமையலறையையும் சைவம், அசைவம் என்று இரண்டாகப் பிரித்தது. சைவப் பக்கத்தில் வேலை செய்பவருக்குப் பச்சை ஏப்ரன். 2024இல் சொமாட்டோ சைவ உணவு கொண்டுபோக மட்டும் தனிப் படை, தனிப் பச்சைச் சீருடை என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே தனிச் சீருடையைக் கைவிட்டது. தெருவிலிருந்து எடுத்த கோட்டைச் சமையலறைக்குள் போடுகிறார்கள். நம் வீட்டில் கொதிக்கும் குழம்புக்கு இன்னும் அந்த மெனுவில் இடம் இல்லை.

பலகையையும் பாருங்கள். அய்யர், கோனார், நாயுடு, தேவர், செட்டியார் என்று சாதிப் பெயரோடு சாப்பாட்டுக் கடை நடத்தலாம், அதுவே தரத்துக்கு முத்திரை. நம் சாதிப் பெயரைப் போட்டு ஒரு மெஸ் திறந்தால் யார் வந்து உட்காருவார்கள்? நம்மவர் நல்ல பிரியாணிக் கடை வைத்தால்கூட சாமி பெயரையோ பிள்ளை பெயரையோ போட்டுக்கொண்டு, யார் கடை என்று தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நிலம். சாலையோரக் கட்டடத்துக்குச் சாலையோர நிலம் வேண்டும். நம் குடியிருப்புகள் இருப்பதோ உள்ளே, கண்மாய்க் கரையில், வயலைத் தாண்டி. 1892இல் நம் மக்களுக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது. நான்குவழிச் சாலை வந்தபோது முகப்பு நிலம் வைத்திருந்தவர் வாடகைக்காரரைத் தேடினார், நாம் உள்ளே வேலை தேடினோம். கோழி பொரிப்பவர், மேசை துடைப்பவர், கழிப்பறை கழுவுபவர், பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், கட்டடத்தின் உரிமையாளர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நீங்களே விசாரியுங்கள். அடையாளம் கேட்காத கடை வாடிக்கையாளருக்குத்தான்.

ஆகவே, படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சுற்றுச்சாலைக் கடையில் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது உங்கள் உரிமை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விலக்கு டீக்கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள். யாருக்குக் கிளாஸ், யாருக்குக் கப், யார் பெஞ்சில், யார் வெளியே என்று தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். 14566 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள். கிளாஸில் டீ கேளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து குடியுங்கள்.