பின்னாடி அடிச்ச காத்து

கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியா பழநி ரோட்டுல ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள போனவங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கலாம். அங்க நிற்கிற காற்றாலைகள் எல்லாம் மேற்குப் பக்கம் பார்த்துத்தான் நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து அந்த மாசங்கள்ல விடாம அடிக்கும். காத்து எந்தத் திசையில இருந்து வருதோ, அந்தத் திசைக்குக் காற்றாலை முகத்தைத் திருப்பிக்கும்.

நான் எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட். காற்றாலை எப்படித் திரும்பும்னு பரீட்சையில படம் போட்டு எழுதுற ஆளு. ஆனா போன வருஷம் ஜூலையில அந்த ரோட்டுல கிழக்கே பார்த்து சைக்கிள் ஓட்டினப்போ, எதிர்ல நின்ன அத்தனை காற்றாலையும் என் முகத்தையே பார்த்துட்டு நின்னும், அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்குத் தோணவே இல்லை.

அன்னைக்கு நான் போனது ஒரு 200 கி.மீ. பி.ஆர்.எம். தெரியாதவங்களுக்கு: இது ரேஸ் இல்லை. பாரிஸ்ல இருக்கிற ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் வகுத்த விதிகள்படி உலகம் முழுக்க நடக்கிற நீண்ட தூர சைக்கிள் பயணம். 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. முதல்ல வந்தவருக்கும் கடைசியா வந்தவருக்கும் வித்தியாசம் கிடையாது. முதல் பரிசு, ரெண்டாம் பரிசு எதுவும் இல்லை. ஒரே வருஷத்துல இந்த நாலையும் முடிச்சாத்தான், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற 1200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்குப் போகத் தகுதி கிடைக்கும்.

நான் கிளம்பும்போதே மனசுல பாரிஸ் வரைக்கும் போயிட்டேன்னு வைங்க.

காலையில 6 மணிக்குக் கிளம்பினோம். பொள்ளாச்சி வரைக்கும் தெற்கே போற ரோடு. காத்து வலது பக்கத்துல இருந்து அடிச்சது. பொள்ளாச்சியில இடது பக்கம் திரும்பினதும் சைக்கிள் தானா பறக்க ஆரம்பிச்சது. 28, 30, சில இடத்துல 34 கி.மீ. வேகம். கியர் சைக்கிள்ல இருக்கிறதுலேயே பெரிய கியரைப் போட்டுட்டு மிதிச்சேன். வழியில அப்பா வயசுல ஒரு அங்கிள், பழைய ஸ்டீல் சைக்கிள்ல, காலை வேக வேகமா சுத்திக்கிட்டு மெதுவா போயிட்டு இருந்தார். அவரைத் தாண்டும்போது, "இவர் எல்லாம் எங்க முடிக்கப் போறார்"னு நினைச்சேன். நினைச்சதை இங்க மறைக்க விரும்பலை.

மடத்துக்குளம் தாண்டி, பழநிக்குக் கொஞ்சம் முன்னாடி 100 கி.மீ. வந்துச்சு. மணி 9:50. கார்டுல சீல் வாங்கிட்டு ஒரு செல்ஃபி. வழியில சாப்பிட்டது ரெண்டு பிஸ்கட் பாக்கெட். பசிக்கவே இல்லை, அப்புறம் எதுக்கு நின்னு சாப்பிடணும்?

அப்புறம் சைக்கிளைத் திருப்பினேன்.

திரும்பினதும் யாரோ நெஞ்சுல கை வச்சுத் தள்ளின மாதிரி இருந்தது. அதே ரோடு, அதே சைக்கிள், அதே கால். வேகம் 15. அப்புறம் 13. அப்பவும் கியரை இறக்கலை. சின்ன கியர் போட்டா தோத்துட்டேன்னு அர்த்தம்னு ஒரு எண்ணம். உடுமலை தாண்டுறதுக்குள்ள வலது முட்டியோட முன்பக்கம் வலிக்க ஆரம்பிச்சது. கை லேசா நடுங்குச்சு. எதிர்ல தெரிஞ்ச காற்றாலைகள் எல்லாம் இப்போ முதுகைக் காட்டிட்டு நின்னுச்சு.

கோமங்கலம் பக்கத்துல ஒரு புளியமரத்தடியில உட்கார்ந்தேன். மணி 2. மிச்சம் சுமார் 55 கி.மீ. கொஞ்ச நேரத்துல அந்த அங்கிள் வந்தார். நிறுத்தினார்.

"தம்பி, தண்ணி இருக்குங்களா? கியரை இறக்கிட்டு மெல்ல வாங்க. நேரம் நெறையா கெடக்குது."

"பரவால்லைங்க அங்கிள், நீங்க போங்க."

அவர் போயிட்டார். அரை மணி நேரம் கழிச்சு, தேங்காய் ஏத்திட்டு வந்த ஒரு டாடா ஏஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, சைக்கிளைப் பின்னாடி போட்டுட்டு ஏறிட்டேன். ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் முட்டி வலின்னு சொன்னேன். முட்டி வலி உண்மைதான். ஆனா நான் மரத்தடியில உட்கார்ந்தப்போ கையில 5 மணி 30 நிமிஷம் இருந்தது. 55 கி.மீ.க்கு அது மணிக்கு 10 கி.மீ. வேகம். அந்தக் கணக்கை நான் அங்கேயே போட்டேன். போட்டுட்டுத்தான் வண்டியில ஏறினேன். மணிக்கு 10 கி.மீ.ல போற ஆளா என்னை நானே பார்க்க முடியலை, அதான் காரணம். இதை யார்கிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்லை.

முட்டி வலி ரெண்டு வாரம் போகலை. காலேஜ் பக்கத்து சைக்கிள் கடை அண்ணாகிட்ட பிரேக் கட்டை மாத்தப் போனப்போ, நான் நொண்டுறதைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டார். சைக்கிள்ல ஏறி உட்காரச் சொன்னார்.

"ஏந்தம்பி, இப்படி கீழ உக்காந்து மிதிச்சா முட்டி என்னத்துக்காகும்?"

பெடலைக் கீழ கொண்டு வந்து, குதிகாலை அது மேல வைக்கச் சொன்னார். கால் நேரா நீளணும். அப்படி நீண்டா, முன்பாதத்துல மிதிக்கும்போது முட்டி லேசா மட்டும் மடங்கி இருக்கும். எனக்கு நல்லா மடங்கி இருந்தது. சீட்டை ரெண்டு விரக்கடை ஏத்தினார். பொதுவா முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா சீட் தாழ்வா இருக்கலாம், பின்பக்கம் வலிச்சா ரொம்ப உயரமா இருக்கலாம். ஒரு ஸ்பேனர், ஒரு நிமிஷ வேலை. காசு கூட வாங்கலை. டயரை அமுக்கிப் பார்த்துட்டு, "காத்து எங்க அடிச்சீங்க?"ன்னு கேட்டார். பெட்ரோல் பங்க்ல, பைக்குக்கு அடிக்கிற மாதிரி 30 அடிச்சிருந்தேன். டயர் ஓரத்துலயே 50–75 பி.எஸ்.ஐ.ன்னு அச்சடிச்சிருக்கு. மூணு வருஷமா ஓட்டுற சைக்கிள், ஒரு நாள் கூட அதைப் படிச்சதில்லை.

அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். காத்தோட வேகம் மணிக்கு 20 கி.மீ.ன்னு வச்சுக்குவோம். போகும்போது நான் 28-ல போனா, என் உடம்பு கிழிச்சுட்டுப் போற காத்து வெறும் 8 கி.மீ. வேகம்தான். வரும்போது 18-ல வந்தாக்கூட அது 38 ஆயிடும். காத்தோட தடை, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 38-ஐ 8-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 22-க்கு மேல. அதாவது 10 கி.மீ. மெதுவா வந்தும், 22 மடங்கு தடை. காலையில நான் பறந்தது என் கால் பலத்துல இல்லை.

அடுத்தது கியர். என் சைக்கிள்ல முன்னாடி 48 பல், பின்னாடி 14 பல் போட்டு நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா சுமார் 26 கி.மீ. வேகம். முன்னாடி 38, பின்னாடி 16 போட்டு 85 சுத்து சுத்தினாலும் அதே 26 தான். பவர்ங்கிறது டார்க்கையும் சுழல் வேகத்தையும் பெருக்கினா வர்றது, நமக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக்கொடுத்தாங்க. வேகமா சுத்தினா ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்க வேண்டிய அழுத்தம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். மூச்சு கொஞ்சம் கூடுதலா வாங்கும், ஆனா முட்டி தப்பிக்கும். அந்த அங்கிள் காலை வேக வேகமா சுத்தினது இதுக்குத்தான்.

கணக்குப் போட்டு முடிச்சதும் எதிர் கட்டில்ல தூங்கிட்டு இருந்த ரூம்மேட்டைப் பார்த்தேன். அவன் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். முதல் செமஸ்டர்ல அவனுக்கு ரெண்டு அரியர், எனக்கு 8.6. அவன் ஒவ்வொரு பக்கத்தையும் டிக்‌ஷனரி வச்சுப் படிச்சான். நான் ஒரு தடவை படிச்சா புரிஞ்சது. அப்போ நான் அவனுக்கு அட்வைஸ் எல்லாம் பண்ணியிருக்கேன், "கொஞ்சம் சீரியஸா படிடா"ன்னு. அவன் எதிர்காத்துல மிதிச்சுட்டு இருந்தான், எனக்குப் பின்னாடி காத்து. இப்போ கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல சந்தேகம்னா எங்க ஃப்ளோர் முழுக்க அவன்கிட்டதான் போகுது. இந்தக் கட்டுரையில 'ர'வும் 'ற'வும் சரியா இருந்தா அதுக்கும் அவன்தான் காரணம்.

அதுக்கப்புறம் பயிற்சியை மாத்தினேன். வாரத்துல நாலு நாள் காலையில 5 மணிக்கு ஒரு மணி நேரம், பேசிக்கிட்டே ஓட்டுற வேகத்துல. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காம பேச முடியலைன்னா நம்ம வேகம் அதிகம்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை மட்டும் நீண்ட தூரம்: 60, 80, 120. ஆரம்பத்துல இது செம போர். தினமும் ஸ்கூல் பசங்க எல்லாம் என்னைத் தாண்டிப் போவாங்க. சாப்பாட்டையும் மாத்தினேன். பசி வர்றதுக்கு முன்னாடியே, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. உடம்புல சேமிச்சு வச்ச சர்க்கரை, முழு வேகத்துல மிதிச்சா ரெண்டு மணி நேரம் தாங்குறதே கஷ்டம். கோமங்கலத்துல என் கை நடுங்கினது அதனாலதான்.

இந்த வருஷம் ஆகஸ்ட்ல மறுபடியும் அதே ரூட். பொள்ளாச்சி தாண்டினதும் காற்றாலைகள் முகத்தைக் காட்டுச்சு. இந்தத் தடவை கியரை மேல ஏத்தலை. 100 கி.மீ. வந்தப்போ மணி 10:50. போன தடவையை விட ஒரு மணி நேரம் லேட். பக்கத்துல மர நிழல்ல உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தப்போ காத்து கொஞ்சம் கூட இரக்கம் காட்டலை. கோமங்கலத்துல முட்டி லேசா முனகுச்சு. முன்னாடி 28, பின்னாடி 28, இருக்கிறதுலேயே சின்ன கியர். வேகம் 11. பின்னாடி ரெண்டு கட்டு சோளத்தட்டு ஏத்திட்டு ஒரு தாத்தா டி.வி.எஸ். எக்ஸெல்ல என்னைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். புளியமரத்தைப் பார்த்தேன், நிற்கலை.

சாயங்காலம் 6:50-க்கு வந்து சேர்ந்தேன். 12 மணி 50 நிமிஷம். கார்டுல கடைசி சீல் போட்ட அண்ணா, "டீ சாப்பிடறீங்களா?"ன்னு மட்டும் கேட்டார். கைத்தட்டல் எதுவும் இல்லை. டீ ரொம்ப நல்லா இருந்தது.

நம்ம ஹாஸ்டல் ஸ்டாண்டுல தூசி படிஞ்சு நிற்கிற சைக்கிள்களை எண்ணிப் பார்த்தேன், 31. அதுல பாதிக்கு மேல சீட் தாழ்வா இருக்கு, டயர்ல காத்து இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில 5:30-க்கு ஸ்பேனரும் பம்பும் எடுத்துட்டு மெயின் கேட்ல நிற்பேன். 25 கி.மீ., பேசிக்கிட்டே போற வேகம். முதல்ல எதிர்காத்து இருக்கிற பக்கமா போவோம். வரும்போது சுலபமா இருக்கும்.