அரசியல் பொருளாதாரம்: எதைப் பார்த்துச் சேர்வது?

அரசியல் பொருளாதாரத்தில் முதுநிலைப் படிப்பு தேடும் மாணவர்கள் முதலில் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்க்கிறார்கள், அடுத்துக் கட்டணத்தை. பாடத்திட்டத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. வேறு துறைகளில் இதனால் பெரிய கேடு வராது, இங்கே வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்பெயரில் நடப்பது, வாக்காளரும் சட்டமன்றமும் அரசும் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கணித மாதிரிகளால் விளக்கும் படிப்பு. 2024இல் நோபல் பரிசு பெற்ற அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரின் ஆய்வுகளும் அந்த மரபுக்கு நெருக்கமானவை. சிட்னி பல்கலைக்கழகத்தில் அதே பெயரில் சேர்ந்தால் மார்க்ஸ், கெய்ன்ஸ், வெப்லென் என்று வாசிக்க வேண்டியிருக்கும். டெல்லி ஜேஎன்யூவில் 1970களில் கிருஷ்ணா பரத்வாஜ் போன்றோர் கட்டியெழுப்பிய மையம் தருவது வெறும் பொருளாதார எம்.ஏ. பட்டம்தான், ஆனால் ரிக்கார்டோவும் ஸ்ராஃபாவும் அங்கே ஊன்றிப் படிக்கப்பட்டார்கள். ஆகவே பட்டத்தின் பெயரை நம்பிப் பயனில்லை. இத்துறையில் கற்பித்து, ஆய்வேடுகளைத் திருத்துகிறவன் என்ற முறையில் நான் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன்: எதிரெதிர் விளக்கங்களை ஒரே கேள்வியின் முன் நிறுத்தி எடைபோடும் ஆய்வேட்டை அந்தப் படிப்பு உங்களிடம் கேட்கிறதா?

சிட்னியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. டெட் வீல்ரைட், ஃபிராங்க் ஸ்டில்வெல் உள்ளிட்ட ஆசிரியர்களும் மாணவர்களும், நவசெவ்வியல் கோட்பாட்டை மட்டுமே பொருளாதாரமாகக் கற்பித்த பாடத்திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 1975இல் அரசியல் பொருளாதாரம் தனிப் பாடமாயிற்று. தனித் துறையாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. சண்டையில் பிறந்த துறை சண்டையையே பாடமாக நடத்தாதா என்று கேட்கலாம். அந்த ஆபத்து உண்டு. எதிர்த்தரப்பைக் கேலிச்சித்திரமாக மட்டுமே அறிந்த மாணவர்கள் இந்த வகைத் துறைகளிலிருந்தும் வருகிறார்கள், மார்க்ஸைக் கேள்வி ஞானமாக மட்டும் அறிந்தவர்கள் மற்றத் துறைகளிலிருந்து வருவதைப் போலவே. ஆனால் ஸ்டில்வெல் 2002இல் வெளியிட்ட பாடநூல் செவ்வியல், மார்க்சியம், நவசெவ்வியல், கெய்ன்சியம் எனக் கோட்பாடுகளை ஒன்றோடொன்று மோதவிட்டே எழுதப்பட்டது. எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லத் தெரிந்த பிறகு மறுப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பயிற்சி.

அந்தப் பயிற்சி நடக்கும் இடம் ஆய்வேடு. சிட்னியில் வீட்டு விலை ஏன் இவ்வளவு ஏறியது என்பதை எடுத்துக்கொள்வோம். வீடுகள் போதவில்லை, நகரமைப்பு விதிகள் கட்டவிடுவதில்லை என்பது ஒரு விளக்கம். வாடகை வீட்டில் வரும் நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகையும், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் பாதிக்கு வரியில்லை என்ற 1999ஆம் ஆண்டு ஏற்பாடும் சேர்ந்து வீட்டை முதலீட்டுப் பண்டமாக்கின என்பது மற்றொன்று. இரண்டாவதன் பக்கம் சாய்கிற மாணவர் 1985க்குப் போயாக வேண்டும். அவ்வாண்டு பிரதமர் பாப் ஹாக்கின் அரசு அந்த நட்டச் சலுகையைக் கட்டுப்படுத்தியது. வாடகை எகிறுகிறது என்ற கூக்குரலுக்குப் பணிந்து 1987இல் திருப்பிக் கொடுத்தது. புள்ளிவிவரத்தைப் பார்த்தால், வாடகை குறிப்பிடும்படி ஏறியது காலி வீடுகள் அரிதாக இருந்த சிட்னியிலும் பெர்த்திலும்தான். மற்றத் தலைநகரங்களில் அப்படி நடக்கவில்லை. வரிச் சலுகையை நீக்கியதுதான் காரணம் என்றால் நாடெங்கும் ஏறியிருக்க வேண்டும். அதே சான்று வீட்டுத் தட்டுப்பாடு என்ற முதல் விளக்கத்துக்கும் வலுச் சேர்க்கிறது என்பதை மாணவர் மறைக்காமல் எழுத வேண்டும். பிறகுதான் அரசியல் கேள்வி வரும்: சான்று இவ்வளவு பலவீனமாக இருந்தும் அந்தக் கூக்குரல் எப்படி வென்றது? யார் கையில் எத்தனை வீடுகள் இருந்தன, வங்கிகளுக்கு இதில் என்ன பங்கு? வரி அட்டவணை, நாடாளுமன்ற விவாதம், பழைய நாளிதழ் மூன்றையும் ஒன்றாக வாசிக்கத் தெரியாதவரால் இதற்குப் பதில் எழுத முடியாது.

கணிதம் வராதவர்களுக்கான புகலிடம் இது என்று பொருளாதாரத் துறை நண்பர்கள் சொல்வதுண்டு. சிலர் அப்படித்தான் வந்து சேர்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன வாடகைக் கணக்கை எகனாமெட்ரிக்ஸ் அறியாமல் சரிபார்க்க முடியாது. அதை விருப்பப் பாடமாகக்கூட வைக்காத முதுநிலைப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை கிடைக்குமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். மத்திய வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ பொருளாதார வல்லுநர் பணி வேண்டுமென்றால் நேரடியாகப் பொருளாதாரம் படியுங்கள். அங்கே இந்தப் பட்டம் பின்வரிசையில்தான் நிற்கும். கொள்கை ஆய்வு, தொழிற்சங்கம், இதழியல், ஆசிரியப் பணி ஆகியவற்றுக்கு இது பொருந்தும், சம்பளம் சுமார்தான்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. ஆஸ்திரேலியாவில் வகுப்புவழி முதுநிலைப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் முழுக் கட்டணம் செலுத்துகிறார்கள். அரசின் ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகை ஆய்வுப் பட்டங்களுக்கு மட்டுமே, போட்டியும் கடுமை. அமெரிக்காவைப் போல் இரண்டு ஆண்டு வகுப்பு நடத்தி ஆய்வுக்கு ஆயத்தப்படுத்தும் வழக்கமும் ஆஸ்திரேலிய ஆய்வுப் பட்டங்களில் பொதுவாக இல்லை. முதல் நாளே ஆய்வுக் கேள்வி கையில் இருக்க வேண்டும். எனவே விண்ணப்பப் படிவத்தைத் தொடுமுன் உங்கள் கேள்வியையும், அதற்கு எதிர்த்தரப்பு தரக்கூடிய மிக வலுவான பதிலையும் ஒரே பக்கத்தில் எழுதி, நெறியாளராக வரக்கூடியவருக்கு அனுப்புங்கள்.