கூலிக் கணக்கும் யாம் செய்த பிழையும்

கலாசாலையை விட்டு நீங்கிய பழைய மாணவர் தத்தம் தொழிலைப்பற்றி யாதேனும் எழுதியனுப்புக என ஆசிரியர் பணித்தனர். எமது தொழில் கணிப்பொறிக்கு நிரல் எழுதுதல். பெருமையாக எடுத்துரைக்கத்தக்க செயல் ஒன்றும் யாம் செய்திலேம். ஆயினும் 2024ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் எம்மால் நேர்ந்த ஒரு தவற்றினைக் கூறின், இத்துறையிற் புகவிருக்கும் உங்களுட் சிலர்க்கேனும் உதவுமென எண்ணி எழுதலாயினோம்.

எமதூர் சோளிங்கர். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை அடுத்துப் பரந்து கிடக்கும் தோற்றொழில், எமதூர்ப் பெண்டிர் பலர்க்கும் பிழைப்பளிக்கின்றது. பொழுது புலருமுன் தொழிற்சாலை வண்டி வந்து அவர்களை ஏற்றிச் செல்லும். ‘அப்பர்’ என வழங்கும் செருப்பின் மேற்பகுதியைத் தைப்பார்க்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அத்தகைய தொழிற்சாலை ஒன்றன் கூலிக் கணக்கைப் பார்க்கும் இணையச் செயலி எம் பொறுப்பில் இருந்தது. தொழிற்சாலையின் பெயர் இங்கு வேண்டா, குற்றம் எம்முடையதே.

அச்செயலி ஜாவா மொழியில், ஸ்பிரிங் என்னும் சட்டகத்தைக்கொண்டு அமைந்தது. ராட் ஜான்சன் என்பார் 2002இல் எழுதிய நூலினின்றும் அச்சட்டகம் வளர்ந்தது. அதன் அடிப்படை ‘டிபென்டென்ஸி இன்ஜெக்‌ஷன்’ என்பது. 2004ஆம் ஆண்டு மார்ட்டின் ஃபவுலர் என்னும் அறிஞர் எழுதிய கட்டுரையால் இப்பெயர் எங்கும் பரவிற்று. பெயர் அச்சுறுத்துமேனும் பொருள் எளிது. தோல் பதனிடும் இடத்தில் டிரம்மின் அருகே நிற்கும் தொழிலாளி சுண்ணாம்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போவதில்லை. இன்னது வேண்டும் என்பான், மேஸ்திரி கொணர்ந்து தருவார். சுண்ணாம்பு எச்சூளையிலிருந்து வந்ததென்பது அவனுக்கு வேண்டாத செய்தி. அவ்வாறே நிரலின் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு வேண்டிய துணையுறுப்பைத் தானே படைத்துக்கொள்ளாது, வேண்டுமென்று அறிவித்து நிற்கும். கொள்கலன் என்னும் மேஸ்திரி அதனைப் படைத்துக் கையிற் கொடுக்கும். அங்ஙனம் கொடுக்கப்படும் பொருளைப் ‘பீன்’ என்பர். அவரையும் அன்று, மொச்சையும் அன்று; ஜாவா என்பது காப்பியின் பெயராதலின் இது காப்பிக்கொட்டை!

கூலி விகிதம் ஜோடிக்கு ஒரு ரூபாய் உயர்ந்தது. புதிய விகிதத்தாற் கணிக்கும் உறுப்பொன்றை எழுதினோம். முந்திய வாரங்களின் நிலுவையைப் பார்க்கவேண்டியிருந்தமையின் பழையதனையும் நீக்காது வைத்தோம். வெள்ளி இரவு ஒன்பது மணிக்குச் செயலியை எழுப்பினோம், எழவில்லை.

பிழைச்செய்தி எமதூர்ப் பெரிய மலையின் 1,305 படிகளே போல நீண்டு கிடந்தது. 2024 மார்ச்சு முதல் அம்மலைக்குக் கம்பிவட ஊர்தி ஓடுகின்றது. பிழைச்செய்திக்கும் அத்தகைய ஊர்தி ஒன்று உண்டு: மேலிருந்து படியாது, கடைசியாக ‘காஸ்ட் பை’ எனத் தொடங்கும் வரிக்கு நேரே செல்லல் வேண்டும். மேலே நிற்பனவெல்லாம் ‘அவனுக்கு வேண்டியது கிடைக்கவில்லை, ஆதலால் எனக்கும் கிடைக்கவில்லை’ என ஒருவர்மேல் ஒருவர் சொல்லும் முறையீடுகளே. அவ்வரியை நோக்கியபோது, எமது புதிய உறுப்பு ஆண்டு இல்லை என்றது. உறுப்பு இருந்தது, ஆயின் பிறிதொரு தொகுதியில் இருந்தது. செயலியின் தலைமை வகுப்பு எத்தொகுதியில் உள்ளதோ, அதனையும் அதன் உட்டொகுதிகளையுமே கொள்கலன் தேடும். வேலிக்கு அப்பால் நிற்பானை மேஸ்திரி அறியார். கோப்பை இடம் மாற்றினோம்.

மீண்டும் எழவில்லை. இம்முறை செய்தி வேறு. கூலி கணிக்கும் உறுப்பு ஒன்று வேண்டப்பட்டது, இரண்டு கிடைத்தன, எதனைக் கொடுப்பது என வினவிற்று. அஃதன்றியும் மூன்று வழிகளை அதுவே எடுத்துரைத்தது: ஒன்றன்மேல் ‘பிரைமரி’ என முதன்மைக் குறியிடுக, அல்லது வேண்டுவோன் இரண்டையும் ஏற்குமாறு திருத்துக, அல்லது ‘குவாலிஃபையர்’ இட்டு இன்னதென்று பெயர் சுட்டுக. (ஒன்றையொன்று வேண்டி வட்டமாய் நிற்கும் உறுப்புக்களும் உண்டு, 2021இல் வெளிவந்த ஸ்பிரிங் பூட் 2.6 முதல் அவற்றையும் அது தானாக ஏற்பதில்லை. அத்தொல்லை அன்று எமக்கு வரவில்லை.)

யாம் முதல் வழியைப் பற்றினோம். எதன்மேற் குறியிட்டோம்? கண்முன் திறந்திருந்த பழைய கோப்பின்மேல். புதியதனைப் பெயர் சுட்டி வேண்டிய இடத்திற் காலையில் அமைப்போம் என்பது எண்ணம். செயலி எழுந்தது. எமதூர்க்குத் திருக்கடிகை என்பது பழம்பெயர். கடிகையாவது 24 நிமிடம். அவ்வளவில் வேலை முடிந்ததென மகிழ்ந்து உறங்கினோம். காலையில் வேறு வேலை வந்தது, மறந்தோம்.

இரண்டு சனிக்கிழமைகள் கழிந்தன. ஞாயிறன்று அடுத்த தெரு அக்கா ஒருவர் எம் திண்ணைக்கு வந்தார். கையில் பள்ளிப் பிள்ளையின் பழைய குறிப்பேடு.

“தம்பி, நீதான் அந்தக் கணக்கைப் பார்க்கிறாயாமே? போன வாரம் 62 ஜோடி தைத்தேன். ரேட்டு ஏறிவிட்டது என்றார்கள். 62 ரூபாய் குறைகிறதேப்பா.”

“மேனேஜரிடம் கேட்டீர்களா அக்கா?”

“கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது என்கிறார்.”

அச்சொல் எம்மைச் சுட்டது. குறிப்பேட்டில் நாள்தோறும் தைத்த ஜோடிகள் கோடுகோடாகக் குறிக்கப்பட்டிருந்தன. உள்ளே சென்று நிரலைத் திறந்த மாத்திரத்தே, பழைய விகிதத்தின் தலைமேல் யாம் இட்ட முதன்மைக் குறி எம்மை நோக்கிற்று. ஒரு சொல், இரண்டு வாரம், நாற்பத்தொரு பெண்டிர். சோதனை நிரல் இல்லாமலும் இல்லை. ஆயின் அது செயலி எழுகின்றதா என்பதை மட்டுமே பார்த்தது; எழுந்த செயலி யாருடைய கூலியை எவ்விகிதத்தாற் கணிக்கின்றது என்பதைப் பார்க்கவில்லை. கொள்கலன் எழமாட்டேன் என்று மறுத்தபோது எம்மைக் காத்தது. அதன் வாயை அடைத்தவர் யாமே.

அன்றிரவே முதன்மைக் குறியை நீக்கினோம். இரண்டாம் வழியே இங்குத் தக்கது. கணக்குறுப்பு இரு விகிதங்களையும் ஏற்று, வேலை நடந்த நாளை நோக்கி ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு திருத்தினோம். அக்காவின் 62 ஜோடியையே சோதனைக் கணக்காக எழுதிச் சேர்த்தோம். அத்தொகை வாராவிடின் இனி நிரல் தொழிற்சாலைக்குப் போகாது. மறுநாட் காலை மேலாளரிடம் நேரிற் சென்று, பிழை கணிப்பொறியினதன்று, எமதென்று கூறினோம். அவர் சினந்தார், சினந்தது முறையே. ஆயினும் நிலுவையை அவ்வாரமே கொடுக்க இசைந்தார்.

நாற்பதின்மர் பெற்றனர். ஒருவர் இதற்கிடையில் வேலையை விட்டுக் குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் சென்றுவிட்டாராம். பதிவில் இருந்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. அவருக்குரிய தொகை கணக்கில் அப்படியே நிற்கின்றது. அக்கா இன்றும் குறிப்பேட்டிற் கோடு போடுவதை நிறுத்தவில்லை.