சீமாட்டி கட்டிய கன்னிமாடம்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய போட்டோ ஆல்பம் ஒன்று இருக்கும் அல்லவா? அம்மாவின் கல்யாணப் படம், தாத்தாவின் தலைப்பாகைப் படம் எல்லாம் அதில் இருக்கும். பிலிமில் நெகடிவ் எடுத்து, காகிதத்தில் அச்சிட்ட அந்தப் படங்களுக்குப் பிறந்த வீடு எது தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு கன்னிமாடம்!

வில்ட்ஷயர் ஜில்லாவில் லேகாக் என்ற சிற்றூரில் இருக்கிறது அது. 1232-ல் அதை நிறுவியவள் ஏலா என்ற சீமாட்டி. சாலிஸ்பரிப் பிரபு பட்டம் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. ஒரு சமயம் அவள் கணவர் கடலில் மாண்டார் என்று வதந்தி பரவியது. உடனே செல்வாக்குள்ள ஒருவரின் உறவினன் அவளை மணக்க வந்து நின்றான்! கணவர் உயிரோடிருப்பதாகச் சேதி வந்திருக்கிறது என்று சொல்லி, அவனை வந்த வழியே அனுப்பினாள் ஏலா. கணவரும் திரும்பினார், ஆனால் 1226-ல் காலமானார். அதன் பிறகும் அவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கன்னிமாடத்தைக் கட்டினாள், தானும் துறவு பூண்டு அதன் தலைவியானாள்.

முந்நூறு வருஷம் அங்கே மணி ஒலித்தது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களையெல்லாம் கலைத்தபோது, 1539-ல் லேகாக்கும் மூடப்பட்டது. ஷேரிங்டன் என்ற தனவந்தர் அதை விலைக்கு வாங்கினார். கோயிலை இடித்தார், ஆனால் மடத்தை விட்டுவைத்து, அதையே மாளிகையாக்கிக் கொண்டார். அதனால்தான் கன்னியர் நடமாடிய கல் தாழ்வாரத்தில் நாம் இன்றும் நடக்கலாம். அவர்கள் குளிர்காய்ந்த அறையில் ஒரு பிரம்மாண்டமான வெண்கல அண்டா இருக்கிறது. நம் கல்யாண வீட்டுச் சமையற்கட்டுதான் நினைவுக்கு வரும்!

பின்னாளில் மாளிகைக்கு உரியவரானார் பாக்ஸ் டால்பாட் என்ற விஞ்ஞானி. சிறு மரப்பெட்டிகளில் லென்ஸைப் பொருத்தி, வீட்டைச் சுற்றி வைப்பார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றுக்கு வைத்த பெயர் 'எலிப்பொறி'! 1835-ல் அந்த எலிப்பொறியில் வீட்டுச் சன்னல் ஒன்று அகப்பட்டது. அதுவே இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய போட்டோ நெகடிவ்.

அவருடைய பேத்தி மெட்டில்டாவுக்கு, தாய்மாமன் வழியாக மடமும் கிராமமும் வந்து சேர்ந்தன. விற்றிருந்தால் பெரும் பணம். அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? 1944-ல் இரண்டையும் அப்படியே நேஷனல் டிரஸ்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்!

இன்று வாசலில் போட்டோக் கலைக்கு ஒரு மியூசியம். கிராமத்து வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். தாழ்வாரத்தில் ஹாரி பாட்டர் சினிமாக்கூட எடுத்திருக்கிறார்கள். அந்தப் பழைய சன்னலும் அதே இடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் அதன் எதிரே நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் போனாலும் எடுக்காமல் திரும்ப மாட்டீர்கள்!