பார்க்கப் போன மட்டக்களப்பு

திருமணமாகி ஒரு வருடம் முடிந்தபோது, எங்காவது போய்வருவோம் என்று கணவர் சொன்னார். நுவரெலியாவுக்குப் போகக் கையில் காசில்லை. “அப்ப மட்டக்களப்பு டவுனையே பார்ப்போம்” என்றார். அவர் மன்னார்க்காரர், அவருக்கு அது புது ஊர். கொக்கட்டிச்சோலையில் பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தைக் கடந்தோம். 2014இல் பாலம் திறக்கும்வரை, நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில்தான் அங்கே வாவியைத் தாண்டினோம். யுத்த காலத்தில் வரிசையில் நின்று, பையை அவிழ்த்துக் காட்டி, திரும்பக் கட்டி... படுவான்கரைப் பெண்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

முதலில் கோட்டைக்குப் போனோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது என்று படித்தவள் என்ற பெருமையோடு விளக்கிக்கொண்டு வந்தேன். “நீ கடைசியாக எப்ப உள்ளே வந்தாய்?” என்று கேட்டார். நெடுங்காலம் கச்சேரி அதற்குள்தான் இருந்தது. சிறுவயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். 1990இல் நான் வயிற்றில் இருந்தபோது வெளியே போன அப்பா திரும்பவில்லை. அம்மாவின் பையில் எப்போதும் கடிதங்கள் இருக்கும். அந்த மதில் எவ்வளவு தடிப்பானது, அதன் பின்னால் வாவி எப்படி விரிந்து கிடக்கிறது என்பதை நாங்கள் இருவரும் பார்த்ததே இல்லை.

பின்னேரம் பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்த்தோம். 1913இல் கட்டியது. 2004 சுனாமி நாவலடியில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்று சொன்னேன். அங்கே அதிகம் கதைக்கவில்லை.

இருட்டியபின் கல்லடிக்கு வந்தோம். 1928இல் திறந்த லேடி மனிங் இரும்புப் பாலத்தில் நடந்தோம். பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலத்தில் வாகன இரைச்சல். நிலவு நாட்களில் மீன் பாடுமென்பார்கள். தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காது வைத்துக் கேட்பது பழைய முறை. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் எட்டரை மணிவரை கச்சான் கொறித்தபடி நின்றோம். “இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை?” என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் உறுத்தியது. கூட்டங்களுக்கு வரும் தனித்து வாழும் பெண்கள் ஏழு மணிக்கு வீடு திரும்பினாலே வாசலில் கேள்வி நிற்கும். கணவர் பக்கத்தில் நின்றதால் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா, “பார்க்கிறதுக்கெண்டே போனீங்களா புள்ள?” என்று வியந்தார்.

அடுத்த போயாவுக்கு அம்மா, சின்னம்மா, நான் மூவரும் ஆட்டோ பேசிப் போனோம். கணவர் வீட்டிலிருந்து சோறு சமைத்தார். பாலத்தில் ஒரு இளைஞன் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சின்னம்மா அவனிடமே மீன் எந்தப் பக்கம் பாடும் என்று கேட்டார். பாவம், அவனுக்கும் தெரியவில்லை.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்: “இதுக்கு ரிக்கற் எவ்வளவு?”

“காசில்லை அம்மா. சும்மாதான்.”

“அப்ப கொஞ்சம் நிப்பம்.”