பழைய ஆல்டர்னேட்டரும் வாங்காத பில்லும்



போன மாசம் நைட் டியூட்டிக்குப் போகும்போது, பைபாஸில் ஹெட்லைட் மங்கிக்கிட்டே வந்து கார் அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி லாரி. எப்படியோ ஓரங்கட்டிட்டேன்.

காரணம், இரண்டு நாள் முன்னாடி பழைய பாகங்கள் விற்கும் கடையில் 3,500 ரூபாய்க்கு வாங்கி மாட்டிய ஆல்டர்னேட்டர்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதன் வேலை. மெக்கானிக் மீட்டர் வச்சுப் பார்த்தார். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டணும். காட்டியது 11.8.

கடைக்காரர் கேட்டார்: "பழைய பொருளுக்கு ஏது சார் கேரண்டி? பில் இருக்கா?"

இல்லை. நோயாளிகளிடம் "பழைய சீட்டு எங்கே?"ன்னு தினமும் கடிந்துகொள்ளும் நான், 200 ரூபாய் குறையுதுன்னு பில் வேணாம்னுட்டேன்.

ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு குறிப்பிடலைன்னா 30 நாளுக்குள் பணத்தைத் தரணும்.

ஜிபே ரசீது, மீட்டர் போட்டோ, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்றையும் காட்டி, "1915-க்குப் போன் பண்ணவா?"ன்னு கேட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

முழுப் பணமும் வந்தது. எண்ணிக் கொடுக்கும்போது சொன்னார்: "மொதல்லயே பில் கேட்டிருந்தா நல்ல பீஸா குடுத்திருப்பேனே சார்!"

அதனால சொல்றேன். பழைய பொருளோ புதுசோ, பில் கேளுங்க. மாட்டினதும் மீட்டர் வச்சுப் பாருங்க.

நான் தப்பிச்சது சட்டத்தால இல்லை. அந்த லாரி டிரைவர் தூங்காம இருந்ததால.