சதுர அடியும் பென்ஷனும்

போன வாரம் ஓபி-யில் ஒரு பெரியவர். வயது 67. ஓசூர் சிப்காட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பிரஷர் 180/100.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா அய்யா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன் சார். வீட்டு வரி கட்டினேன், இந்த மாசம் கொஞ்சம் டைட்டு."

மாத்திரைக்கு வழி இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், இலவசம். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வரிக்கு என்ன வழி?

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி ஏறியது. 15-வது நிதிக்குழு, மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைக்கணும்னு நிபந்தனை போட்டிருந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புக்கு உயர்வு இப்படி:

600 சதுர அடி வரை: 25%
601 - 1,200: 50%
1,201 - 1,800: 75%
1,800-க்கு மேல்: 100%

பெரிய வீட்டுக்கு அதிக உயர்வு. நியாயம்தான். என் வீடு கடைசி வரிசையில் வருது, எனக்கு அதில் வருத்தம் இல்லை. சாக்கடை தூர்வார, கொசு மருந்து அடிக்கக் காசு வேணும். இல்லாவிட்டால் டெங்கு வார்டில் பெட் பத்தாது. அதை நேரில் பார்க்கிறவன் நான்.

ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு.

ஒண்ணு, வரம்பு. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த ரெண்டு வீடுகளை எடுத்துக்கோங்க. 1,200 சதுர அடி வீட்டுக்கு 1,500 ஆகும். 1,210 அடி வீட்டுக்கு 1,750. பத்தே அடிதான் வித்தியாசம்! வருமான வரியில் இப்படி இல்லை. வரம்பைத் தாண்டின தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம்.

ரெண்டாவது, வீட்டை அளக்கிறோம், உள்ளே இருக்கிறவரோட வருமானத்தைப் பார்ப்பதில்லை. பிஎஃப் பணத்தில் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாடி கட்டினார். பிள்ளைகள் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போயாச்சு. ஊர் வளர்ந்ததில் வீட்டு மதிப்பு ஏறியிருக்கு. ஆனா வித்தால்தானே அது காசு? இபிஎஸ் குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து மாசம் 1,000 ரூபாய்தான். எடையை மட்டும் பார்த்து, கிட்னியைப் பார்க்காமல் டோஸ் எழுதுவதுபோலத்தான் இது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயதானவர்கள் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரியைத் தள்ளிப்போடலாம். வட்டியோடு, வீட்டை விற்கும்போது கட்டினால் போதும். அரசுக்கு நஷ்டமில்லை, பெரியவருக்கு மாத்திரை நிற்காது. சொந்த வீட்டில் தனியாக இருக்கும், சின்ன பென்ஷன்காரர்களுக்கு மட்டுமாவது இங்கேயும் செய்யலாம்.

அதுவரை: அரையாண்டின் முதல் மாசமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ரசீதில் உங்க வீட்டின் சதுர அடி சரியாக இருக்கான்னு ஒருமுறை பாருங்க. தப்பா இருந்தா மறுஅளவீடு கேட்டு மனு கொடுங்க. வீட்டில் பெரியவர்கள் இருந்தா, அவங்க மாத்திரை டப்பாவையும் எண்ணிப் பாருங்க.